ஏழு நிமிடத்தில் 1500 மீட்டர்

காவலர் தேர்வுக்கு நம் புவனகிரிப் பிள்ளைகள் மாதக்கணக்கில் படிக்கிறார்கள். ஓட்டத்தை மட்டும், எழுத்துத் தேர்வு முடிவு வரட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முடியாதவர் எவ்வளவு மதிப்பெண் வைத்திருந்தாலும் அங்கேயே வெளியேற வேண்டியதுதான்.

400 மீட்டர் மைதானத்தில் இது மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 112 விநாடி. பாய்ச்சல் வேண்டாம், ஒரே சீரான ஓட்டம் போதும். புதியவரோ முதல் சுற்றிலேயே பாய்ந்துவிட்டு மூன்றாவதில் நடக்கிறார்.

பஜ்ரு தொழுததும் வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டு முறை. ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் மூன்று நாள். கூட ஓடுபவரிடம் பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். வாராவாரம் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி நடையைக் குறைத்து வாருங்கள். நிற்காமல் 20 நிமிடம் ஓட வந்தபிறகு ஸ்டாப்வாட்ச்சை எடுக்கலாம்.

மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும். அவசரப்படுகிறவருக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கும். தைலத்தைத் தடவிக்கொண்டு ஓடாமல், வலி தீரும்வரை ஓய்வெடுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. பயிற்சி முறை இதேதான். தனியே ஓடக் கூச்சப்பட்டால் தகப்பனாரோ அண்ணனோ துணைக்குப் போகட்டும். அவர்களும் இரண்டு சுற்று நடக்கலாமே.