'அப்ரீஷியேட்' என்றால் பாராட்டு மட்டும்தானா?



ரமணாசிரமம் பக்கம் பூ, இளநீர், இட்லி வியாபாரம் பார்க்கிற நம் உறுப்பினர்களுக்கு 'அப்ரீஷியேட்' காதில் விழுந்து பழகின வார்த்தைதான். 1934-ல் பால் பிரண்டன் ரமணரைப் பற்றி எழுதின ஆங்கிலப் புத்தகத்தைப் படித்து வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் வருகிறார்கள். அவர்கள் வாயில் அடிக்கடி வருகிற வார்த்தை இது. ஆனால் இதற்கு அர்த்தம் ஒன்றல்ல.

போன மாதம் ஒரு குழுவுக்கு வங்கியிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. ஊக்குநரின் மகன் அகராதியைப் பார்த்து, "பேங்க்ல உங்களைப் பாராட்டியிருக்காங்கம்மா" என்றான். எல்லோருக்கும் சந்தோஷம். கடிதம் பத்திரமாக பைலுக்குப் போய்விட்டது. நான் கூட்டத்துக்குப் போனபோது ஆசையாக எடுத்துக் காட்டினார்கள். படித்தால், பாக்கித் தவணையை இந்தத் தேதிக்குள் கட்டினால் 'அப்ரீஷியேட்' செய்வோம் என்று இருக்கிறது! கெடு முடிய இரண்டே நாள். அலைந்து திரிந்து கட்டினோம். பையன் மேல தப்பில்லை. முதல் அர்த்தத்தோடு நிறுத்திவிட்டான். நாம் ஐந்தையும் பார்ப்போம்.

1. பாராட்டுவது: "ஐ அப்ரீஷியேட் யுவர் ஒர்க்." உங்கள் வேலையின் அருமை எனக்குத் தெரிகிறது.

2. நன்றி சொல்வது: வழி காட்டினால் "ஐ அப்ரீஷியேட் இட்" என்பார்கள். ரொம்ப நன்றி என்று அர்த்தம்.

3. புரிந்துகொள்வது: "வி அப்ரீஷியேட் யுவர் டிஃபிகல்ட்டி, பட்..." உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால்... இந்த 'பட்'டுக்குப் பிறகு வருவதுதான் பதில். கடன் கிடைச்சாச்சு என்று நினைக்க வேண்டாம்.

4. கேட்டுக்கொள்வது: "வி வுட் அப்ரீஷியேட்..." முன்னால் 'வுட்' வந்தால், இதைச் செய்யுங்கள் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். உடனே தேதியும் தொகையும் பாருங்கள்.

5. மதிப்பு ஏறுவது: ஆசிரமம் பக்கம் மனை விலை ஏறினதே, அதுவும் 'அப்ரீஷியேட்'தான். எதிர்ச்சொல் 'டிப்ரீஷியேட்'. தையல் மெஷினுக்கு ஆடிட் கணக்கில் தேய்மானம் எழுதுகிறோமே, அது.

ஒரே வார்த்தைக்கு ஏன் இத்தனை? லத்தீன் மொழியில் 'பிரெட்டியம்' என்றால் விலை. விலையைக் குறிக்கும் 'பிரைஸ்', புகழ்வதைக் குறிக்கும் 'பிரெய்ஸ்', நம்ம 'அப்ரீஷியேட்' மூன்றும் அதன் வழியாக வந்தவை. ஒன்றின் மதிப்பை அறிவதுதான் அடிப்படை. நம் தமிழிலும் 'பாராட்டு' புகழ்ச்சி மட்டுமா? "பேதம் பாராட்டாமல்", "உறவு பாராட்டி" என்கிறோமே!

நீங்கள் பேசும்போது ஒன்று கவனியுங்கள். 'தேங்க்' சொன்னால் அடுத்து ஆள் வரும்: "தேங்க் யூ". 'அப்ரீஷியேட்' சொன்னால் பெரும்பாலும் அவர் செய்த காரியம் வரும்: "ஐ அப்ரீஷியேட் யுவர் ஹெல்ப்". "ஐ ஆம் அப்ரீஷியேட்டிங்" வேண்டாம்.

குழுவில் செய்ய வேண்டியது:

- இங்கிலீஷ் கடிதம் வந்தால் அன்றைக்கே தீர்மான நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.
- விவரம் தெரிந்தவரிடம் முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் வங்கிக்கே போய், "தமிழில் சொல்லுங்க சார்" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமே இல்லை.
- அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் பக்கத்தில் உள்ள சகோதரி செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லி "ஐ அப்ரீஷியேட்" என்று ஆரம்பித்துப் பேசிப் பாருங்கள். மாதா மாதம் சந்தா வசூலித்துக் கணக்கு எழுதுகிறவரிலிருந்து ஆரம்பிக்கலாமே!