முடிச்சு அவிழாமல் கிளைக்கதை பேச

முதன்மைத் தொடரின் துணை மாந்தர் ஒருவரை நாயகராக்கிப் புனையப்படும் படக்கதை 'கிளைக்கதை' எனப்படும். 1984இல் கதாசிரியர் வான் ஹாமும் ஓவியர் வான்சும் தொடங்கி, சிவகாசி லயன் காமிக்ஸ் வழியே தமிழில் 'இரத்தப் படலம்' என்று அறிமுகமான பெல்ஜியத் தொடருக்கு 2008 முதல் இத்தகைய தனி வரிசை வெளிவந்தது. அதன் முதல் நூல் மங்கூஸ் என்னும் கொலையாளியின் முன்கதை. நினைவிழந்த நாயகன் யார் என்பதே மூலத்தின் முடிச்சு என்பதால், கிளைக்கதையில் கசியும் ஒரு பெயர்கூட மூலத்தைப் படிக்காதவரின் சுவையைக் கெடுத்துவிடும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் படிப்பதில்லை. எங்கள் ஓசூரில், சிப்காட் ஆலைகளில் இரவு ஷிப்ட் முடித்தவர் ஒரு நூலை விடியலில் படித்துவிட, அவருடைய நண்பர் ஞாயிறன்றுதான் அதைப் பிரிப்பார். ஆகவே எதிரிலிருப்பவர் எந்தப் பாகம்வரை வந்திருக்கிறார் என்று கேட்டறிந்த பிறகே பேச்சைத் தொடங்குவது நல்லது. கம்பெனிப் பேருந்தில் மற்றவருக்குப் புரியக்கூடாதென்று கன்னடத்துக்கோ தெலுங்குக்கோ தாவிப் பேசுவதால் பயனில்லை. இந்த எல்லையூரில் பின்னிருக்கைக்காரருக்கும் மூன்று மொழிகளும் தெரிந்திருக்கலாம்.

ஓவியம், வண்ணம், மொழிபெயர்ப்பின் நடை ஆகியவற்றைத் தயங்காமல் அலசலாம். "கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது" என்று சொல்வதோ முடிச்சைப் பாதி அவிழ்ப்பதுதான், ஏனெனில் அதைக் கேட்டவர் பக்கந்தோறும் அத்திருப்பத்தையே தேடுவார். வாட்ஸ்ஆப் குழுவில் பாகத்தின் பெயரை முதல் வரியில் எழுதி, சில வெற்று வரிகள் விட்டபின் கருத்தைப் பதிந்தால், படிக்காதவர் விலகிச் செல்ல இடமிருக்கும். கிளைக்கதையைப் புதியவருக்கு இரவல் தருவோர், மூலத்தின் தொடக்கப் பாகங்களையும் சேர்த்தே தர வேண்டும்.