ரிஜெக்‌ஷன் நோட்டும் விபத்து நோட்டும்

கேள்வி: கோவையில் கார் உதிரிபாகங்களுக்குத் தகடு வெட்டித் தரும் பவர் பிரஸ் பட்டறை நடத்துகிறேன். 40 பேர் வேலை செய்கிறார்கள். ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் இருக்கிறது. எங்களிடம் சரக்கு எடுக்கும் கம்பெனி இப்போது வேலையிடப் பாதுகாப்புக்கான 45001-ம் வேண்டும் என்கிறது. “இருக்கிற ஃபைலிலேயே சேர்த்துவிடலாம், குவாலிட்டி பார்ப்பவரே சேஃப்டியையும் பார்க்கட்டும்” என்கிறார் கன்சல்டன்ட். அப்படிச் செய்யலாமா?

பதில்: ஃபைலைத் தாராளமாகச் சேர்க்கலாம். 2015-ல் திருத்தி வெளியிட்ட 9001-ம், 2018-ல் வந்த 45001-ம் ஒரே பத்துப் பிரிவு அமைப்பில் எழுதப்பட்டவை. உள் தணிக்கை, ஆவணங்கள், நிர்வாகத்தின் மறுபார்வை எல்லாம் இரண்டிலும் ஒரே வரிசையில் வருகின்றன. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ரிஜெக்‌ஷன் நோட்டையும் விபத்து நோட்டையும் ஒரே மேஜையில் பிரித்து வைத்துப் படியுங்கள்.

பிரஸ்ஸில் கை எப்போது உள்ளே போகிறது? தகடு டையில் ஒட்டிக்கொள்ளும்போது. ஸ்கிராப் விழாமல் சிக்கும்போது. லொக்கேட்டர் தேய்ந்து தகடு சரியாக உட்காராமல், விரலால் தள்ள வேண்டி வரும்போது. துளை தள்ளிப்போவதும், தகட்டில் தழும்பு விழுவதும் பெரும்பாலும் இதே காரணங்களால்தான். குவாலிட்டிக்காரர் அதை ரிஜெக்‌ஷன் என்று எழுதுகிறார்; அதே டையில் விரல் நசுங்கினால் “ஆபரேட்டர் கவனக்குறைவு” என்று எழுதுகிறோம். துளை தப்பினால் டையை விசாரிக்கிறோம், விரல் போனால் ஆளை விசாரிக்கிறோம். இந்தப் பழக்கம் மாறாதவரை எந்தச் சான்றிதழாலும் பயனில்லை.

இரண்டு கைப் பட்டனில் ஒன்றைக் குச்சி வைத்துக் கட்டிவிட்டு ஒருவர் ஓட்டுகிறார் என்றால், திட்டுவதற்கு முன் அவருடைய பீஸ் ரேட்டைப் பாருங்கள்; கூலி குறைந்துவிடும் என்ற பயத்தில் அவர் அப்படிச் செய்திருக்கலாம். தரக் கட்டுப்பாட்டின் ஆசான்களில் ஒருவரான டெமிங், நிர்வாகத்துக்குச் சொன்ன 14 கருத்துகளில் ஒன்று பயத்தை விரட்டுவது. பயம் இருக்கும் பட்டறையில் கெட்ட பீஸும் ஒளிந்துகொள்ளும், நூலிழையில் தப்பிய விபத்தும் ஒளிந்துகொள்ளும்.

இரண்டும் ஒன்றாகப் போகாத இடங்களும் உண்டு. தரத்தில் மாதிரி எடுத்துப் பார்க்கலாம், கெட்ட பீஸை ஸ்கிராப்பில் போடலாம். விரலுக்கு அந்தக் கணக்கே கிடையாது. அதனால்தான் 45001 ஒரு வரிசை வைத்திருக்கிறது: முதலில் ஆபத்தையே நீக்குவது, முடியாவிட்டால் ஆபத்து குறைந்த முறைக்கு மாறுவது, பிறகு இயந்திரத் தடுப்பு, அதன் பிறகு விதிமுறையும் பயிற்சியும், கடைசியில்தான் கையுறை. நம் ஊரில் பெரும்பாலும் கையுறையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். தொழிலாளர்களைக் கலந்து பேச வேண்டும் என்று தனியாக ஒரு பிரிவும் (5.4) அதில் இருக்கிறது. 9001-ல் அப்படி ஒன்று இல்லை. ஆகவே பழைய ஃபைலிலிருந்து அதை நகலெடுக்க முடியாது. உங்களிடம் ஒடியா, இந்தி பேசுகிறவர்கள் வேலை செய்தால் அவர்கள் மொழியிலேயே பேச ஏற்பாடு செய்யுங்கள்.

வாசலில் தொங்கும் “விபத்தில்லா நாட்கள்” பலகையை நம்பிவிடாதீர்கள். 2005 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பிபி சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். தனிநபர் காயங்களின் எண்ணிக்கை குறைவாக இருந்ததைப் பார்த்து, ஆலையே பாதுகாப்பாக ஓடுவதாக நிறுவனம் எடுத்துக்கொண்டது என்று பிறகு ஆராய்ந்த பேக்கர் குழு சொன்னது.

குவாலிட்டி பார்ப்பவர் சேஃப்டியையும் பார்க்கலாம், ஒரு நிபந்தனையோடு. டெஸ்பாட்ச் நாளிலும் உங்களைக் கேட்காமல் பிரஸ்ஸை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும். டை செட்டரையும் அவரோடு சேருங்கள். எந்த டை எப்போது ஒட்டும் என்பது செட்டருக்குத்தான் தெரியும்.

செலவு செய்யுமுன் ஒன்றைக் கவனியுங்கள். பழைய கீ கிளட்ச் பிரஸ்ஸில் பெடலை மிதித்துவிட்டால் சுற்று முடியாமல் அது நிற்காது. அதற்கு லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லும் ஒளித்திரை) மாட்டினாலும் இறங்கி வரும் ராமை நிறுத்த முடியாது. அதில் டையை மூடும் நிலையான கார்டு போடுங்கள், அல்லது கை டைக்குள் போகாதபடி சறுக்குத் தட்டில் தகட்டைத் தள்ளும் ஏற்பாடு செய்யுங்கள். லைட் கர்ட்டனை, பாதியில் நிறுத்தக்கூடிய நியூமேட்டிக் கிளட்ச் பிரஸ்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.