இலையுதிர் காலமும் நம் வீட்டுக் கொல்லையும்

குளிர்நாடுகளில் ஆண்டின் ஒரு பருவத்தில் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் என்றும், நிலம் பனியால் உறைந்து கிடக்கும் என்றும் நம் மாணவர்கள் பாடநூலில் படிக்கின்றனர். நம் மலாக்கா மாநிலமோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் அமைந்தது. இங்கு உறைபனி இல்லை. ஆயினும் நமக்கும் ஓர் இலையுதிர் காலம் உண்டு. தை, மாசி மாதங்களில் மழை குறைந்து வெயில் ஏறும்போது பால்மரங்களின் இலைகள் மஞ்சளாகியும் சிவந்தும் உதிர்ந்துவிடுகின்றன. அக்காலத் துரைமார்கள் இதனைக் குளிர்காலத்தின் பெயராலேயே ‘விண்டரிங்’ என்று வழங்கினர். இப்பருவத்தில் வீட்டுக் கொல்லையில் நாம் ஆற்ற வேண்டிய பணிகள் யாவை, அவற்றால் அடையும் பயனும் இன்பமும் யாவை என்பதை இங்குக் காண்போம்.

மரம் ஓய்வு கொள்ளும் காலம்

பால்மரம் பிரேசில் நாட்டுக்குரியது. அதன் விதைகள் 1876ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1877இல் கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் அதனை வணிகப் பயிராக நட்ட டான் சாய் யான், இந்நாட்டு ரப்பர்த் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவர்.

இலையே மரத்தின் சமையற்கூடம். பழைய இலை உதிர்ந்து புதிய இலை முற்றும்வரை மரம் தன் சேமிப்பைக் கொண்டே வாழ்கிறது. ஆதலின் பால் குறைகிறது. பாலின் எடையை ஒட்டி வருவாய் பெற்றவர்களுக்கு அப்போது கைக்காசும் குறைந்தது. சில தோட்டங்களில் துளிர் முற்றும்வரை வெட்டையே நிறுத்தி வைப்பதும் உண்டு. அந்த நாள்களில் குழம்புச் சட்டியை நிரப்பியது லயத்தின் பின்புறத்துக் கொல்லையேயாகும். சப்பானியர் ஆட்சியில், 1945 வரை அரிசி அரிதாக இருந்த காலத்தில், மரவள்ளிக் கிழங்கு பல குடும்பங்களைக் காத்தது. மக்கள் தத்தம் வீட்டருகே உணவுப் பயிரிட வேண்டுமென 1974இல் அரசாங்கம் ‘பச்சைப் புத்தகத் திட்டம்’ தொடங்கியதையும் பெரியோர் நினைவுகூர்வர்.

பருவத்தின் பணிகள்

முதலாவது, சருகு சேர்த்தல். உதிர்ந்த இலையைக் குப்பை என்று கொளுத்துவது பெருந்தவறு. திறந்தவெளியில் எரிப்பது சட்டத்திற்குப் புறம்பானது. வறண்ட காலத்தில் தீ மளமளவெனப் பரவவும் கூடும். அதே சருகு எருவானால் மண்ணுக்கு உணவாகும். ஒரு சாண் உயரம் சருகு, அதன்மேல் நான்கு விரல் உயரம் ஆட்டெரு அல்லது மாட்டுச் சாணம், காய்கறித் தோல், பச்சைத் தழை எனமாறி மாறி அடுக்கி நீர் தெளிக்க வேண்டும். சருகு மட்டுமிருந்தால் மக்குவதற்கு நெடுங்காலம் ஆகும். சாணமும் பச்சைத் தழையும் சேர்ந்தால்தான் விரைவில் மக்கும். இரு வாரத்திற்கு ஒருமுறை கிளறிவிட்டால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் கரிய எரு கிடைக்கும்.

இரண்டாவது, நீரைப் போற்றுதல். வெயில் ஏறுமுன் காலையிலோ, சாய்ந்தபின் மாலையிலோ வேரருகே ஊற்றுக. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஏற்றவை. செடியைச் சுற்றி மூன்று விரல் கனம் சருகு பரப்பினால் ஈரம் நிலைக்கும். தண்டை ஒட்டிப் பரப்பலாகாது. நீருக்காக வைத்த தகரம், வாளி, பழைய பால் மங்கு ஆகியவற்றில் ஏடிஸ் கொசு முட்டையிடும். அது முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரந்தோறும் அவற்றைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மூன்றாவது, மண்ணைக் காயவிடுதல். பயிர் முடிந்த பாத்தியைக் கொத்திப் புரட்டி வெயிலில் விட்டால் களையின் வேர் வாடும்; மண்ணில் ஒளிந்திருக்கும் புழுக்கள் வெளிப்பட்டு மைனாக்களுக்கு இரையாகும். மண்ணைக் காயவிடுவதன் சிறப்பைத் திருவள்ளுவரும் ‘உழவு’ அதிகாரத்தில் கூறியுள்ளார்.

நான்காவது, விதை சேமித்தல். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும் விதை இவ்வெயிலில் நன்கு உலரும். வெண்டையிலும் பயற்றிலும் கடைசியில் எஞ்சிய காயை விதைக்கு விடுவோர் உளர், அது முறையன்று. நல்ல செடியின் நல்ல காயையே முற்றவிட்டு, உலர்த்தி, சிறிது சாம்பல் கலந்து புட்டியில் மூடி வைத்தல் வேண்டும்.

ஐந்தாவது, போத்தும் கரணையும் ஆயத்தம் செய்தல். முருங்கையில் மணிக்கட்டுப் பருமனும் மூன்று நான்கு அடி நீளமுமுள்ள கிளையைத் தேர்ந்து, பங்குனி, சித்திரையில் மாலைமழை தொடங்கியதும் நீர் தேங்காத மேட்டில் நடலாம். கிழங்கு தோண்டிய மரவள்ளித் தண்டை நிழலில் நிமிர்த்தி வைத்து, பின்னர் ஒரு சாண் கரணையாக வெட்டி நடுக. கசக்கும் மரவள்ளியில் நஞ்சு மிகுதி, அதனை விலக்குக. எந்த மரவள்ளியையும் தோலுரித்து நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.

பருவத்தின் இன்பங்கள்

இப்பணிகளுக்கிடையே கண்ணுக்கும் செவிக்கும் விருந்துண்டு. ஆண்டு முழுவதும் நிழல் சூழ்ந்த பால்மரக்காட்டில் வானம் தெரிகிறது. நடந்தால் காலடியில் சருகு சலசலக்கிறது. சில வாரங்களில் செம்பு நிறத் துளிர் தோன்றிப் பின் பசுமையாகிறது. வறட்சியை அடுத்து மாமரம் பூக்கிறது. பால்மரத் துளிரில் மூன்று சிற்றிலைகள் கூடுமிடத்தில் தேன் சுரப்பதால் தேனீக்கள் மொய்க்கின்றன. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதியினர் இதனை அறிந்து, ரப்பர்த் தோட்டங்களில் தேன்பெட்டிகள் வைத்துத் தேனெடுக்கின்றனர். மாசி மகத்திற்கு மலாக்கா நகருக்குச் செல்லும் தாய்மார்கள் தம் கொல்லையில் மலர்ந்த மல்லிகையைத் தொடுத்துச் சூடுவதும் இப்பருவத்தின் இன்பமன்றோ!

எடுத்துச் செல்லத்தக்க செல்வம்

பெற்றோர்களே! நம் மாநிலத்தில் பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. லயத்தை விட்டுப் பட்டணத்திற்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. கொல்லை நிலம் தொழிலாளியின் பெயரில் இருந்ததில்லை. அங்குத் தாம் வளர்த்த முருங்கையையும் கறிவேப்பிலையையும் விட்டுவிட்டே அவர்கள் வெளியேறினர். ஆனால் விதையையும் போத்தையும் எடுத்துச் செல்ல யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அவற்றினும் மேலானது கைப்பழக்கம். அதனைப் பிள்ளைகளுக்குக் கொடாமற்போனால், இருபது ஆண்டுகளுக்குப் பின் நிலம் கிடைத்தாலும் அதில் என்ன செய்வதென்று அவர்கள் அறியார். அடுக்குமாடியில் வாழ்வோரும் நான்கு சாடிகளில் மிளகாய், கீரை, கறிவேப்பிலை, வல்லாரை ஆகியவற்றை வளர்க்கலாம். நாளுக்குக் கால்மணி நேரம் பிள்ளைகளைக் கொல்லைக்கோ சாடியருகிலோ அழைத்துச் செல்லுங்கள். வேலையின் பெயரையும் செடியின் பெயரையும் தமிழில் சொல்லிக் கொடுங்கள்.

மாணவர்கள் செய்து பார்க்க:

1. உன் வீட்டில் அல்லது அண்டை வீட்டில் உள்ள பயன்தரும் செடிகளின் தமிழ்ப் பெயர்களை எழுதுக.

2. ஒரு சாடியில் சருகு மூடி, மற்றொன்றில் மூடாமல் சம அளவு நீர் ஊற்றுக. மூன்றாம் நாள் எதில் ஈரம் மிகுதி எனக் கண்டு கூறுக.

3. இலையுதிர் காலத்தில் கொல்லையிலிருந்து எவ்வெவற்றைப் பறித்துச் சமைத்தார்கள் எனப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு ஒரு பக்கம் எழுதுக.