நூலகத்தில் பல்லாங்குழியா?



ஒரகடம் பக்கத்தில் ஓர் ஊர். இரவு எட்டு மணிக்குக் குழுக் கூட்டம். பலர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார்கள். சேமிப்பும் கடன் தவணையும் எழுதி முடித்த பிறகு ஓர் அக்கா சொன்னார்: "நான் ஷிப்டுக்குப் போயிட்டா என் பொண்ணு போனும் கையுமாத்தான் இருக்கா. லைப்ரரிக்குப் போம்மான்னா, அங்க வாயைத் திறந்து பேசக்கூட முடியாதேங்கிறா." அதைத்தான் இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

நூலகம் யாருடையது?

நம் மாநிலத்தில் நூலகச் சட்டம் வந்தது 1948-ல். நாம் கட்டும் வீட்டு வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா நூலக வரி சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகக் கட்டிடங்களும் கட்டினார்கள். ஆகவே அது நம்முடையது. அங்கே என்ன வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அங்கே விளையாட்டு எதற்கு?

விளையாட வரும் பிள்ளை, பக்கத்து அலமாரியில் இருக்கும் படக்கதையையும் ஒருநாள் எடுத்துப் பார்க்கும். அமெரிக்காவில் நூலகச் சங்கம் 2008 நவம்பரில் நூலகங்களில் விளையாட்டு நாளே நடத்தியது. நமக்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். பல்லாங்குழியில் 14 குழி. குழிக்கு 5 புளியங்கொட்டை போட்டால் மொத்தம் 70. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று யோசிப்பதே மனக்கணக்கு. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. தனியாக நிற்கும் ஆட்டைப் புலி வெட்டிவிடும். சேர்ந்து நின்றால் ஆடுகள் புலியையே கட்டிப்போடும். நம்ம குழு மாதிரிதான்!

இன்னொன்றையும் யோசியுங்கள். பெண் பிள்ளை பெரியவளானதும் தெருவில் விளையாட விடுவதில்லை. மைதானம் பையன்களுக்கே என்று ஆகிவிடுகிறது. அவள் தோழிகளோடு சிரித்துப் பேசி உட்கார நம் ஊரில் வேறு இடம் எது?

"தாயம் உருட்டினா வீட்டுக்கு ஆகாது" என்று பெரியவர்கள் சொல்லலாம். காசு வைத்து ஆடினால்தான் அது சூது. பந்தயம் கிடையாது என்பதை முதல் விதியாக வைப்போம். சத்தம் என்பார்கள். வாரம் இரண்டு மணி நேரம் மட்டும், படிப்பவர்களுக்குத் தொந்தரவு இல்லாத நேரமாகப் பார்த்து வைப்போம்.

நாம் செய்ய வேண்டியவை

1. நூலகம் எந்த நாள், எந்த நேரம் திறக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள்.
2. நூலகரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் பேசி, குழுவின் தீர்மானத்தை எழுதிக் கொடுங்கள். கிராம சபையிலும் வையுங்கள்.
3. பல்லாங்குழிப் பலகை, தாயக்கட்டை, புளியங்கொட்டை – வீட்டில் இருப்பதைச் சேகரியுங்கள். பலகை இல்லையென்றால் தரையில் சாக்பீஸால் குழி வரைந்தால் போதும்.
4. பகலில் வீட்டில் இருக்கும் உறுப்பினர்கள் இரண்டு இரண்டு பேராக முறை வைத்துக் கூட இருங்கள்.

குழுவில் பேசுங்கள்: நம் ஊர் நூலகத்துக்குள் நாம் கடைசியாகப் போனது எப்போது? சின்ன வயதில் நாம் ஆடிய எந்த ஆட்டம் நம் பெண்ணுக்குத் தெரியாது?