எழுத்தாக வந்த கிலோவை எண்ணாக்குவது எப்படி?

தேயிலைக் கொழுந்துக் கணக்குப் போடும் புரோகிராம் ஒன்றைச் சி மொழியில் எழுதச் சொன்னால், ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் கூட்டல் கழித்தலில் தடுமாறுவதில்லை. கூட்டத் தொடங்குவதற்கு முன்பே தடுமாறிவிடுகிறார்கள். பைலிலிருந்து வாசித்த "18" என்பது இரண்டு எழுத்துகளும் கடைசியில் ஒரு பூச்சிய பைட்டும் மட்டுமே. அதை எண்ணாக்குவது ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியில்தான் கணக்கு கெட்டுப்போகிறது.

இதற்குக் காரணம் உண்டு. உயர்தர ஐசிடியில் பைதன் பழகிவிட்டு வருகிறார்கள். பைதனிடம் "18கி" என்று கொடுத்து எண்ணாக்கச் சொன்னால் முடியாது என்று சண்டை பிடித்து நின்றுவிடும். சி சண்டை பிடிக்காது. வாசிக்க முடிந்ததை வாசித்து, மிச்சத்தை விட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓர் எண்ணைக் கையில் தரும்.

முதல் படி, எதை மாற்றக்கூடாது என்று தீர்மானிப்பது. என்னுடைய சட்டம் சுருக்கமானது: கூட்டவோ கழிக்கவோ போவதில்லையென்றால் எண்ணாக்காதீர்கள். அடையாள அட்டை இலக்கத்தை யாரும் கூட்டப் போவதில்லை. பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஒரு வி அல்லது எக்ஸ் எழுத்தும் இருக்கும். எண்ணாக்கினால் அந்த எழுத்து சத்தமில்லாமல் காணாமல் போகும். 2016 முதல் வரும் புதிய இலக்கத்துக்கு 12 இடம். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் 32 பிட் இன்ட் 2,147,483,647 வரைதான் தாங்கும். 12 இலக்கம் அதில் அடங்காது. ஈபிஎஃப் இலக்கம், கைபேசி இலக்கம் இரண்டுக்கும் இதே விதி. எழுத்தாக வந்தவை எழுத்தாகவே இருக்கட்டும்.

இரண்டாவது, வரியை எஃப்-கெட்ஸால் வாசித்து, வால்பக்கம் இருக்கும் புதுவரி எழுத்தை வெட்டுங்கள். விண்டோஸில் செய்த பைலை லினக்ஸில் திறந்தால் அதற்கு முன்னால் இன்னொரு எழுத்து, கேரேஜ் ரிட்டர்ன், ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் வெட்டுங்கள்.

இப்போது நம்முடைய வரியைப் பார்ப்போம். செக்ரோல் (தோட்டத்து வரவுப் பதிவேடு) இலக்கம், காலை நிறுவை, பகல் நிறுவை, மாலை நிறுவை என்று வரிசை வைத்துக்கொள்வோம்:

0018,6.5,,8

பகலில் 0018-ஆம் இலக்கத்து அம்மாவின் கொழுந்து நிறுக்கப்படவில்லை, அந்த இடம் வெறுமை. கமாவில் பிரிக்கப் பலரும் எஸ்டிஆர்-டோக் என்ற பங்ஷனை எடுக்கிறார்கள். அது அடுத்தடுத்து வரும் இரண்டு கமாவையும் ஒன்றாகத்தான் பார்க்கும். வெறுமையான இடம் காணாமல் போய், மாலைக் கொழுந்து பகல் கணக்கில் ஏறிவிடும். அதைத் தொடவே வேண்டாம். எஸ்டிஆர்-சிஎச்ஆர் வைத்து கமாவைத் தேடி நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து, எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் ஏ-டு-ஐ. ஏ, டி, ஓ, ஐ என்று நான்கு எழுத்தில் முடிந்துவிடும், வேலையும் செய்கிற மாதிரி இருக்கும். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளத்தை "1,350" என்று கமாவோடு எழுதி அதனிடம் கொடுத்துப் பாருங்கள். விடை 1. ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய் ஒரு ரூபாயாகிவிட்டது, ஒரு எச்சரிக்கைகூட இல்லை. வெற்று எழுத்துக்கோவையைக் கொடுத்தால் பூச்சியம். "வரவில்லை" என்று கொடுத்தாலும் பூச்சியம். உண்மையிலேயே "0" கொடுத்தாலும் பூச்சியம். வேலைக்கு வந்து கொழுந்து கொடுக்காதவரும், வேலைக்கே வராதவரும் செக்ரோலில் ஒன்றா? இவருக்குப் பேர் (ஒரு நாள் சம்பளத்துக்கான பதிவு) போடுவதா, அரைப்பேரா என்று கணக்கப்பிள்ளையோடு தகராறு வருவதே அந்த இடத்தில்தான். எண் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டால் என்ன நடக்கும் என்று சி மொழியின் தரநிலை ஏ-டு-ஐக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. எஸ்-ஸ்கேன்-எஃப் வைத்து எழுதலாமே என்று கேட்பீர்கள். பெரிய எண்ணில் அதற்கும் இதே வியாதி.

எடுக்க வேண்டியது எஸ்டிஆர்-டு-எல். எஸ், டி, ஆர், டி, ஓ, எல் என்று ஆறு எழுத்து. எஸ்டிடி-லிப் ஹெடரிலேயே இருக்கிறது. இதற்கு மூன்று பொருள் கொடுக்க வேண்டும்: எழுத்துக்கோவை, ஒரு பாயிண்டரின் முகவரி, அடிமானம். நடுவில் உள்ள பாயிண்டர்தான் விஷயமே. வாசித்துக்கொண்டு போய் எந்த எழுத்தில் நின்றதோ, அந்த இடத்தை அதில் குறித்து வைக்கும். அந்தப் பாயிண்டருக்குப் பதிலாக நல் (NULL) என்று போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. அப்படிப் போட்டால் "1,350" இங்கேயும் சத்தமில்லாமல் ஒரு ரூபாய்தான்.

அழைப்பதற்கு முன்னால் எர்னோ என்ற மாறியில் பூச்சியம் வையுங்கள். இதை மறப்பவர்கள் அதிகம். முந்தைய பிழையின் இலக்கம் அதில் அப்படியே கிடக்கும். எஸ்டிஆர்-டு-எல் அதைத் துடைத்துத் தராது. பிறகு மூன்று கேள்விகள், இதே வரிசையில்.

நின்ற இடமும் தொடங்கிய இடமும் ஒன்றா? ஒன்றென்றால் ஒரு இலக்கத்தைக்கூட வாசிக்கவில்லை. நம்முடைய வரியில் பகல் நிறுவை இந்தக் கேள்வியில் பிடிபடும். அது பூச்சியக் கிலோ என்று ஏறாமல், வெறுமை என்று தனியாகப் பதிவாகும்.

நின்ற இடத்தில் இருப்பது பூச்சிய பைட்டா? இல்லையென்றால் வாலில் ஏதோ மிச்சம். "18கி" இங்கே மாட்டும், "1,350" இங்கே மாட்டும். கடைசியில் தெரியாமல் தட்டிய ஒரு வெற்றிடமும் மாட்டும். முன்னால் இருக்கும் வெற்றிடத்தை இந்தப் பங்ஷன் தானாகத் தாண்டிவிடும், பின்னால் இருப்பதைத் தாண்டாது. அந்த வெற்றிடத்தை மன்னிப்பதா இல்லையா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். நான் மன்னிப்பேன், வேறு எதையும் மன்னிக்க மாட்டேன்.

எர்னோவில் ஈ-ரேஞ்ச் என்று வந்திருக்கிறதா? வந்திருந்தால் எண் அளவு மீறியது. கையில் கிடைத்திருப்பது லாங் வகையின் எல்லை எண். பைலில் இருந்த எண் அதுவல்ல.

மூன்றும் தாண்டிய பிறகு உங்கள் சொந்த எல்லையைப் போடுங்கள். பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். அப்படியிருக்க ஒரே நிறுவையில் 185 என்று வந்தால், அது 18.5-இன் புள்ளியை யாரோ விட்டுவிட்டது. கழித்தல் குறியும் இங்கே நிற்க வேண்டும், ஏனென்றால் எஸ்டிஆர்-டு-எல் "-7" என்பதை மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளும். சாக்குக்கும் தண்ணீருக்கும் கழிக்கிற கழிவைத் தனி இடத்தில் எழுதுங்கள், நிறுவை இடத்தில் கழித்தல் குறிக்கு வேலையில்லை.

மூன்றாவது பொருளான அடிமானத்துக்கு எப்போதும் 10. பூச்சியம் போட்டால் கணினியே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். கண்டுபிடிக்கும்தான். முன்னால் பூச்சியம் இருந்தால் அதை எட்டடிமான எண் என்று எடுத்துக்கொள்ளும்! செக்ரோல் இலக்கம் 0012 அப்போது 10 ஆகிவிடும். பன்னிரண்டாம் இலக்கத்து அம்மா பறித்த கொழுந்து பத்தாம் இலக்கத்துக்குப் போய்ச் சேரும். நம்முடைய 0018 இன்னும் மோசம். எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது, ஆகவே 1-ஐ வாசித்துவிட்டு 8-இல் நின்றுவிடும். நின்ற இடத்தைப் பார்க்கிறவருக்கு இது பிழை என்று தெரியும். 0012-ஐப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. முதல் படியில் சொன்னபடி செக்ரோல் இலக்கத்தை எழுத்தாகவே விட்டிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அரைக் கிலோ விஷயத்துக்கு வருவோம். "6.5"-ஐ எஸ்டிஆர்-டு-எல் 6 வரை வாசித்துப் புள்ளியில் நிற்கும். பலர் உடனே தசம எண்ணுக்கு, டபிளுக்கு, ஓடுகிறார்கள். நான் கிராமாக வைத்துக்கொள்வேன், 0.1 போன்ற எண்ணை டபிள் துல்லியமாக வைத்திருக்காது, மாதக் கடைசியில் கூட்டும்போது சில்லறை இடிக்கும். நின்ற இடம் கையில் இருக்கிறதே, அதிலிருந்தே தொடரலாம். அங்கே புள்ளி இருந்தால் ஓர் எழுத்து தாண்டி மறுபடி அதே பங்ஷனை அழையுங்கள். அழைப்பதற்கு முன்னால், புள்ளிக்கு அடுத்த எழுத்து இலக்கம்தானா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் "6. 5" என்பதும் "6.-5" என்பதும் உள்ளே வந்துவிடும். எத்தனை இலக்கம் வாசித்தது என்பதும் முக்கியம்: "6.5" என்றால் 500 கிராம், "6.05" என்றால் 50 கிராம், இரண்டிலும் திரும்பி வருவது 5 தான். நின்ற இடத்திலிருந்து தொடங்கிய இடத்தைக் கழித்தால் இலக்கங்களின் எண்ணிக்கை கிடைக்கும். ஓர் இலக்கமானால் நூறாலும், இரண்டானால் பத்தாலும், மூன்றானால் ஒன்றாலும் பெருக்குங்கள். அதற்கு மேல் வந்தால் நிராகரியுங்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு அத்தனை நுட்பமாக நிறுப்பதில்லை.

இவ்வளவையும் ஒவ்வோர் இடத்திலும் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு பங்ஷனாக எழுதுங்கள். கிடைத்த எண்ணைப் பாயிண்டர் வழியாகத் தரட்டும், வெற்றியா தோல்வியா என்பதை மட்டும் திருப்பி அனுப்பட்டும். பிழைக்கு அடையாளமாக -1 திருப்பும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. என்றைக்காவது ஒருநாள் -1 உண்மையான விடையாக வந்து நிற்கும்.

லாங் வகை 64 பிட் லினக்ஸில் 64 பிட், 64 பிட் விண்டோஸில் 32 பிட்தான். வீட்டில் சரியாக ஓடியது ஆபீஸ் கணினியில் ஈ-ரேஞ்ச் காட்டினால் அதுதான் காரணம். முழுத் தோட்டத்தின் வருடக் கணக்கைக் கிராமில் கொண்டுவருகிறவர்கள் எஸ்டிஆர்-டு-எல்எல் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்படியே.

எக்ஸெலில் யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்த பைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் இருக்கும்: 239, 187, 191. முதல் வரி மட்டும் பிடிவாதமாகப் பிழை காட்டினால் அவற்றைத் தாண்டிவிட்டு வாசியுங்கள். ௧௮ என்று தமிழ் இலக்கத்தில் எழுதினால் பைதன் 18 என்று புரிந்துகொள்ளும், சி-யின் எஸ்டிஆர்-டு-எல் ஒரு எழுத்தும் நகராது.

எழுதி முடித்ததும் இந்தக் கோவைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள்: வெறுமை, தனியாக ஒரு வெற்றிடம், "0", "0012", "-7", "6.5", "6.05", "6.", "1,350", "18கி", பிறகு இருபது ஒன்பதுகள். எதற்கு எண் வர வேண்டும், எதற்குப் பிழை வர வேண்டும் என்பதை ஓட்டுவதற்கு முன்பே தாளில் எழுதி வையுங்கள்.