இறைச்சி மாட்டினமும் கடலூர் நிலமும்

கேள்வி: சாந்தா கெர்ட்ரூடிஸ் போன்ற அயல்நாட்டு இறைச்சி மாட்டினத்தை வைத்துக் கடலூர்ப் பகுதியில் பண்ணை அமைக்கலாமா? – வாசகர், மேல்பட்டாம்பாக்கம்

பதில்: மாட்டை விட்டு, அதற்கான முதலீட்டை மெட்ராஸ் சிவப்புச் செம்மறியில் இடுவதே நன்று. நீங்கள் கேட்கும் சாந்தா கெர்ட்ரூடிஸ் ஒரு கூட்டினம்; வெவ்வேறு இனங்களைக் குறித்த விகிதத்தில் கலந்து, பிறகு தமக்குள்ளேயே இனச்சேர்க்கை செய்து நிலைப்படுத்தியதே கூட்டினம் எனப்படும். டெக்சாஸின் கிங் பண்ணை உருவாக்கி, 1940இல் தனியினமாக ஏற்கப்பட்ட சாந்தா கெர்ட்ரூடிஸ், எட்டில் ஐந்து பங்கு ஷார்ட்ஹார்னும் மூன்று பங்கு பிராமனும் கொண்டது. ஓங்கோல், காங்ரேஜ், கிர் ஆகிய இந்தியத் திமில் மாடுகளிலிருந்து உருவான பிராமன் இனமே அதற்கு வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கும் வலிமையை அளித்தது.

ஆயினும் சாந்தா கெர்ட்ரூடிஸ் பரந்த மேய்ச்சல் வெளிக்குரியது. நெல்லும் கரும்பும் அடர்ந்த மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம் வட்டாரத்தில் அத்தகைய வெளி இல்லை. மேலும், 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத, அல்லது காயத்தாலோ தீராநோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாட்டையே சான்றிதழ் பெற்று அறுக்க இடமளிப்பதால், இளங்காளைகளைக் கொழுக்க வைத்து விற்கும் கணக்கு இங்கே செல்லாது.

வடதமிழகத்துக்குரிய மெட்ராஸ் சிவப்போ, கம்பளிக்காக அன்றி இறைச்சிக்காகவே வளர்க்கப்படும் இனம். அறுவடை முடிந்த வயலின் தாளடியிலும் வரப்புப் புல்லிலும் அது மேய்ந்து வளரும். தரமான கிடாக்களைப் பற்றிக் காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தை அணுகிக் கேட்டறிவது சிறந்த தொடக்கமாகும்.